காவிரி எல்லையாக இருந்த ஏழு ஆண்டுகள்: சேலம், நாமக்கல் மண்ணில் திப்பு சுல்தான்

சேலத்தில் ரயில் ஏறி ஈரோடு செல்பவர்களுக்குச் சங்ககிரி வழியில் வரும் ஒரு சிறிய நிலையம். லாரிப் பட்டறைகளும் சிமென்ட் ஆலையும்தான் இன்று அந்த ஊரின் அடையாளம். ஆனால் ரயில்வே ஏட்டில் நிலையத்தின் பெயர் இன்றும் சங்ககிரி துர்க். துர்க் என்றால் கோட்டை. அந்தக் கோட்டை மலையைக் கடந்து கொஞ்ச நேரத்தில் ரயில் காவிரிப் பாலத்தில் ஏறும். பாலத்துக்குக் கீழே ஓடும் ஆறு ஒரு காலத்தில் இரண்டு ஆட்சிகளைப் பிரித்த எல்லைக்கோடு. 1792 முதல் 1799 வரை சங்ககிரி இருக்கும் கிழக்குக் கரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு, ஈரோடு இருக்கும் மேற்குக் கரை திப்பு சுல்தானுக்கு.

திப்பு என்றதும் நமக்கு ஸ்ரீரங்கப்பட்டணமும் மைசூரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவரது வாழ்க்கையின் பெரிய திருப்பங்கள் பலவும் நாம் அன்றாடம் நடமாடும் இந்தச் சமவெளியைத் தொட்டே நடந்தன.

ஆற்காட்டில் தொடங்கிய பெயர்

திப்பு 1750-ஆம் ஆண்டு, பெங்களூருக்கு அருகிலுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தை ஹைதர் அலி, தாய் ஃபக்ருன்னிஸா. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் நினைவாகவே பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மைசூர் மன்னரின் பெயரே தமிழ் மண்ணிலிருந்து சென்றதுதான்.

அவர் பிறந்தபோது சேலமும் நாமக்கல்லும் மைசூருக்குப் புதிய நிலங்கள் அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிக்க தேவராஜ உடையார் இப்பகுதியை மைசூருடன் இணைத்திருந்தார். உடையார்களிடமிருந்து ஆட்சிப் பொறுப்பு ஹைதரின் கைக்கு வந்தபோது இந்தக் கோட்டைகளும் அவர் கைக்கு வந்தன.

முதல் மைசூர் போரில் திப்பு களமிறங்கியபோது அவருக்குப் பதினேழு வயதுதான். 1767-இல் குதிரைப்படையோடு சென்னையின் புறநகர் வரை சென்று கம்பெனியாரைக் கதிகலங்க வைத்தார். அடுத்த ஆண்டு கர்னல் வுட் தலைமையிலான ஆங்கிலப் படை சேலத்தையும் நாமக்கல்லையும் பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் படையெடுத்து வந்து அவற்றை மீட்டார். ஒரே ஆண்டில் இரண்டு முறை கை மாறிய கோட்டைகளைச் சுற்றியிருந்த ஊர்களின் வயலும் களஞ்சியமும் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

எது அவர் கட்டியது, எது இல்லை

நாமக்கல் மலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், இது திப்பு கட்டிய கோட்டை என்று சொல்வது வழக்கம். அது சரியல்ல. பாறை உச்சியில் உள்ள கோட்டை 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்தது. மலையடிவாரத்தில் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் குடைந்த குகைக் கோயில்கள் அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. சங்ககிரிக் கோட்டையும் விஜயநகரக் காலத்தில் தொடங்கியது. ஹைதரும் திப்புவும் இவற்றைக் கட்டியவர்கள் அல்லர், படைக்கும் வரிப் பணத்துக்கும் காவலாகப் பயன்படுத்தியவர்கள்.

இதைச் சொல்வதால் திப்புவின் பெருமை குறைந்துவிடாது. கட்டாததைக் கட்டினார் என்று சொல்லப் போனால், அவர் உண்மையில் செய்ததையும் பிறர் நம்ப மறுப்பார்கள். கோட்டை மலைகளில் கோயிலும் தர்காவும் அடுத்தடுத்து நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினாலே போதும். யார் எதைக் காத்தார்கள் என்பதை அவர்களே உணர்ந்துகொள்வார்கள்.

தொப்பூர் கணவாய்

1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நொறுக்கினார்கள். இரும்புக் குழாய்களில் மருந்து அடைத்த மைசூர் ராக்கெட்டுகள் அன்று உலகுக்குத் தெரிய வந்தன. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையிலேயே ஹைதர் காலமானார். ஆட்சியும் போரும் ஒரே நாளில் திப்புவின் தோளில் ஏறின. 1784-இல் மங்களூர் உடன்படிக்கையோடு அந்தப் போர் முடிந்தது.

மூன்றாவது போரில் அவர் நம் ஊர்ப் பக்கம் நேரடியாகவே வந்தார். 1790 செப்டம்பரில் கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி, சத்தியமங்கலத்தில் மோதி, ஈரோட்டை மீட்டார். நவம்பரில் பாராமகாலில் தம்மைச் சுற்றி வளைக்க முயன்ற ஆங்கிலப் படைகளிடமிருந்து நழுவி, தொப்பூர் கணவாய் வழியாகத் திருச்சியை நோக்கி விரைந்தார். தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே லாரிகள் மூச்சுத் திணறி ஏறி இறங்கும் அதே தொப்பூர்தான்.

அந்தப் போர் தோல்வியில் முடிந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு நாட்டில் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டியிருந்தது. பணம் தீரும்வரை அப்துல் காலிக், முயீஸுத்தீன் என்ற இரண்டு இளம் மகன்களைப் பிணையாக அனுப்பினார். பாராமகால், சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் கம்பெனியிடம் போயின. பள்ளிபாளையம் ஒரு நாட்டில், எதிர்க்கரை ஈரோடு இன்னொரு நாட்டில் என்றானது.

வரியும் உழவரும்

திப்புவின் வருவாய் முறையைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். தொடர்ந்த போர்களால் வரிச்சுமை கடுமையாக இருந்தது. சங்ககிரிக்குச் சென்ற மைசூர் வரிப் பணத்தை வழிமறித்து மக்களுக்குக் கொடுத்தவர் தீரன் சின்னமலை என்பது கொங்கு மக்களின் வாய்வழி வரலாறு. குடகிலும் மலபாரிலும் அவரது படை நடந்துகொண்ட கடுமையும் மறைக்க முடியாதது. சிருங்கேரி மடம் மராட்டியப் படையால் சூறையாடப்பட்டபோது அதைச் சீரமைக்கப் பொருள் அனுப்பியவரும் அவரே.

இன்னொரு பக்கமும் உண்டு. பாளையக்காரர்களை ஒதுக்கி, ஆமில்தார்கள் மூலம் உழவரிடமே நேராக வரி பெறவும், ஏழை உழவருக்குக் கலப்பை வாங்க முன்பணம் தரவும் அவர் விதி வகுத்தார். 1792-க்குப் பிறகு சேலம், பாராமகாலுக்கு வந்த அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் உழவரோடு நேரடியாகக் கணக்கு வைக்கும் ரயத்துவாரி முறையை முதலில் முயன்று பார்த்தது இந்த நிலத்தில்தான்.

அன்று வரிப் பணத்தை மறித்த சின்னமலை பின்னாளில் திப்புவோடு சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்தார். திப்புவுக்குப் பிறகும் போராடி, 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ரயிலில் அந்த மலையைக் கடக்கும்போது இந்த இருவரையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கல்லில் எழுதிய கணக்கு

பாதி நாடும் கருவூலமும் போன பின்னும் திப்பு காவிரியை மறக்கவில்லை. தலைநகருக்கு மேற்கே ஆற்றின் குறுக்கே பெரிய அணை கட்ட வேலை தொடங்கினார். அதைப் பாரசீக மொழியில் கல்லில் பொறித்தார். அணைக்காகப் பல லட்சம் செலவிடுவது இறைவழியில் என்றும், அந்த நீரைக் கொண்டு புதிதாகப் பயிர் செய்பவர் அரசுக்குரிய பங்கில் நான்கில் மூன்றைக் கொடுத்தால் போதும், மீதி ஒரு பங்கு அவருக்கே என்றும் அதில் கண்டிருக்கிறது. இந்தச் சலுகை வாரிசுகளுக்கும் செல்லும் என்று உறுதியளித்திருந்தார்.

அணை எழவில்லை. 1799 மே 4 அன்று கோட்டை வாசலில் போரிட்டபடியே திப்பு ஷஹீதானார். அவரது குடும்பத்தினர் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806 ஜூலையில் அங்கு சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

1911-இல் கிருஷ்ணராஜ சாகர் அணை வேலை தொடங்கியது. அந்தப் பணியின்போதுதான் திப்புவின் கல் வெளிப்பட்டது. இன்றும் அது அணையின் நுழைவாயிலில் இருக்கிறது. 1924-இல் சென்னையும் மைசூரும் காவிரி ஒப்பந்தம் செய்தன. 1925-இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-இல் திறக்கப்பட்டது. மேட்டூரின் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் இன்று சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு நீர் தருகின்றன. 1792-இல் இரண்டு நாடுகளாகப் பிரிந்த கரைகள் ஒரே அணையின் நீரில் விளைகின்றன.

மேட்டூர் அணை திப்புவால் வந்ததல்ல. ஆனால் தோற்று, கடன்பட்டு, பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்த ஓர் அரசர் அடுத்து என்ன செய்ய நினைத்தார் என்பதற்கு அந்தக் கல் சாட்சி. அவரைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு வாளையும் புலியையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த முறை ரயில் காவிரிப் பாலத்தில் ஏறும்போது, உழவருக்கு அவர் விட்டுக்கொடுத்த அந்த நான்கில் ஒரு பங்கையும் சேர்த்துச் சொல்வோம்.