தெஹ்மினா பேகத்தின் பெயர் சுமக்கும் மரங்கொத்தி

மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், நம் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு இமயமலையைக் கடந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன. பெரம்பலூரிலிருந்தும் குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறோம். ஆனால் பறவைகளின் அறிவியல் பெயர்களுக்குள் மனிதர்களின் பெயர்களும் உண்டு என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவற்றில் ஒரு முஸ்லிம் தம்பதியின் பெயர்களும் இருக்கின்றன.

சாலிம் அலி அவர்கள் 1896-ல் பம்பாயில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்த யதீம். தாய்மாமா அமீருத்தீன் தய்யிப்ஜி வளர்த்தார். ஒருநாள் சிறுவன் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இதைச் சாப்பிடுவது ஆகுமா என்ற சந்தேகத்தோடு மாமாவிடம் கொண்டுபோனார். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். ஹலாலா என்று கேட்கப் போன பிள்ளைக்கு அங்கே ஓர் உலகமே திறந்தது!

1918-ல் தெஹ்மினா பேகத்தை மணந்தார். ஜெர்மனியில் பறவையியல் பயின்று 1930-ல் திரும்பியபோது கையில் வேலை இல்லை. சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்புக்குச் சம்பளமின்றிப் போனார். வசதியாக வளர்ந்த தெஹ்மினாவும் காட்டு முகாம்களுக்குக் கூடவே சென்றார். அந்த ஒத்துழைப்பு இல்லாமல் அவருடைய பணி இத்தனை தூரம் வந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

திருவிதாங்கூரில் அவர் சேகரித்த பறவைகளை ஆராய்ந்த விஸ்லரும் கின்னியரும் 1934-ல் ஒரு மரங்கொத்தி வகைக்கு 'டைனோபியம் பெங்காலென்ஸ் தெஹ்மினே' என்று பெயரிட்டனர். முதல் இரு சொற்கள் இனத்தின் பெயர். மூன்றாவது அந்த வட்டார வகைக்கு உரியது. பெண்ணின் பெயர் என்பதால் லத்தீன் முறைப்படி 'ஏ' என்று முடிகிறது.

1939-ல், ஓர் அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா வஃபாத்தானார். கணவரின் புகழ்பெற்ற இந்தியப் பறவைகள் நூல் 1941-ல் வெளிவந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

சாலிம் அலி 1987-ல் மறைந்தார். தேனி மாவட்ட மேகமலையில் 1948-ல் பிடிபட்ட பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு 1972-லும், இமயமலைப் பூங்குருவி ஒன்றுக்கு 2016-லும் அவர் பெயர் சூட்டப்பட்டது.

பொன்முதுகும் சிவப்புக் கொண்டையுமாக நம் ஊர்த் தோப்புகளில் தட்டிக்கொண்டிருக்கும் மரங்கொத்தியும் அதே இனம்தான். தெஹ்மினாவின் பெயர் கொண்ட வகையைப் பார்க்க, மலைக்கு அப்பால் கேரளம் போக வேண்டும்.