உடம்புக்கும் ஞாபகம் உண்டு!
(எட்வர்ட் ஜென்னர் வரலாறு)



உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியின் மேல்கையைச் சற்றுப் பாருங்கள். பலருக்கு அங்கே வட்டமாக ஒரு தழும்பு இருக்கும். கேட்டால், சின்ன வயசில் அம்மை குத்தினது என்பார்கள். அந்தத் தழும்பின் கதை ஒரு கிராமத்து டாக்டரிடமிருந்து தொடங்குகிறது. அவர்தான் எட்வர்ட் ஜென்னர்.

1749-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் இங்கிலாந்தின் பெர்க்லி என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். ஐந்து வயதிலேயே தாய், தந்தை இருவரையும் இழந்தார். அந்நாளில் பெரியம்மை வந்தால் உயிர் போகும். தப்பினால் கண் போகும், முகம் போகும். நோயாளியின் அம்மைச் சீழையே எடுத்து மற்றவர் தோலில் கீறி வைப்பதுதான் அக்காலத்துத் தடுப்பு முறை. அதனாலும் சிலர் செத்தார்கள். எட்டு வயதில் ஜென்னருக்கும் அதைச் செய்தார்கள். பட்டினி போட்டு, ரத்தம் எடுத்து, தொழுவத்தில் அடைத்து வைத்தார்கள். பிள்ளை பட்ட பாடு கொஞ்சமா!

வளர்ந்து லண்டனில் ஜான் ஹன்டர் என்ற பெரிய மருத்துவரிடம் பயின்றார். பட்டணத்திலேயே தங்கிவிடாமல் சொந்த ஊருக்கே திரும்பினார். மாட்டம்மை வந்தவர்களுக்குப் பெரியம்மை வராது என்பது அவ்வூர்ப் பக்கத்துப் பால்காரர்களின் பேச்சு. 1774-இல் ஜெஸ்டி என்ற விவசாயி அதை நம்பித் தம் மனைவி மக்களுக்கு மாட்டம்மையைக் குத்தியும் பார்த்திருந்தார். படித்தவர்கள் பலர் பட்டிக்காட்டுப் பேச்சென்று தள்ளியதை ஜென்னர் தள்ளவில்லை. உழைப்பவன் கண்டதிலும் உண்மை இருக்கும் இல்லீங்களா?

1796 மே 14. சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புள நீரை எடுத்து, தம் தோட்டக்காரர் மகன் ஜேம்ஸ் பிப்ஸ் கையில் கீறி வைத்தார். பையனுக்கு எட்டு வயது. ஜூலை முதல் தேதி பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தார். நோய் வரவில்லை! இன்று இப்படி ஒரு பிள்ளையிடம் சோதனை செய்ய எவரும் அனுமதிக்கமாட்டார்கள். அந்தச் சிறுவனுக்கும் நாம் கடன்பட்டவர்களே.

அறிஞர் சபை அவர் கட்டுரையை ஏற்கவில்லை. 1798-இல் தாமே நூலாக வெளியிட்டார். குத்திக்கொண்டவர் உடம்பில் மாடு முளைப்பதாகக் கேலிப்படம் போட்டார்கள். அவரோ தம் தோட்டத்துக் குடிசையில் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் குத்திவந்தார். பிப்ஸுக்கு வாடகையில்லாமல் ஒரு வீடும் கொடுத்தார். 1823 ஜனவரி 26-இல் மறைந்தார்.

ஒன்று மட்டும் ஜென்னருக்குக் கடைசிவரை தெரியாது: உடம்பு எப்படி ஞாபகம் வைக்கிறது? இன்று நமக்குத் தெரியும். நம் வெள்ளணுக்களில் பி அணு என்று ஒரு வகை. கிருமி நுழைந்ததும், அதன் அடையாளத்துக்குப் பொருந்தும் பி அணுக்கள் நெறிகட்டும் இடங்களில் பெருகும். பெருகும்போது சற்றே மாறும். கிருமியை இறுகப் பிடிப்பவை பரீட்சையில் தேறியவை போல நிலைக்கும், மற்றவை மடியும். தேறியவற்றில் சில எதிர்ப்பொருளைச் சுரந்து போராடும். வேறு சில ஒதுங்கிக் காத்திருக்கும். அவைதான் நினைவு பி அணுக்கள். அதே கிருமி மறுபடி வந்தால் தாமதமின்றிப் பாயும். மாட்டம்மைக் கிருமியும் பெரியம்மைக் கிருமியும் ஒரே குடும்பம்; அதனால் ஒன்றைப் பார்த்த நினைவு மற்றதையும் பிடித்தது. அம்மை குத்தி 50 ஆண்டு கழிந்தவர்கள் ரத்தத்திலும் அந்த அணுக்களைக் கண்டிருக்கிறார்கள்!

இயற்கையாகப் பரவிய பெரியம்மை கடைசியாக 1977-இல் சோமாலியாவில் ஒருவரைத் தாக்கியது. 1980-இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததென்று அறிவித்தது.

பெற்றோர்களே, எல்லா ஊசிக்கும் ஒரே அளவு ஞாபகம் நிற்பதில்லை. படித்த பாடத்தைத் திரும்பப் படிப்பது போலத்தான் சில ஊசிகளை மறுபடி போடுவது. ஆகவே பிள்ளையின் ஊசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தேதியைத் தவற விடாதீர்கள். மாணவர்களே, தாதி ஊசியோடு பள்ளிக்கு வரும்போது ஓடி ஒளியாதீர்கள். உங்களைப் போலவே எட்டு வயதில் கையை நீட்டிய ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள்!