ராக்கெட் கணக்குப் போட்ட வாத்தியார்

குழந்தைகளே! ராக்கெட் சீறிப் பாய்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டில் விண்வெளிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர், ரஷ்யாவில் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பெயர், கான்ஸ்டான்டின் சியோல்கோவ்ஸ்கி.

1857ல் பிறந்த அவருக்கு, பத்து வயது வாக்கில் கடும் காய்ச்சல் வந்தது. காது சரியாகக் கேட்காமல் போனது. பள்ளிப் படிப்பு நின்றது. 16 வயதில் மாஸ்கோ சென்றார். அரை வயிறு ரொட்டியோடு நூலகமே கதி என்று கிடந்து, கணிதமும் இயற்பியலும் தானே கற்றார்.

ஆசிரியர் தேர்வில் வென்று, 1880ல் போரோவ்ஸ்க் ஊரில் வேலைக்குச் சேர்ந்தார். 1892 முதல் கலுகா நகரில் பாடம் நடத்தினார். தகரத்தில் தானே செய்த பெரிய புனலைக் காதில் வைத்துத்தான் பிறர் பேச்சைக் கேட்பார். காற்றாடியும் சூடான காற்றடைத்த பலூனும் செய்து சிறுவர்களோடு பறக்க விடுவார்.

வீட்டில் மனைவி வர்வாரா, ஏழு பிள்ளைகள். சம்பளமோ குறைவு. அதிலும் ஒரு பங்கு ஆராய்ச்சிக்குப் போய்விடும்.

1903ல் ராக்கெட் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அன்று அதைக் கவனித்தவர் மிகச் சிலரே. 1908ல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டில் புகுந்து, எழுதி வைத்த தாள்களைப் பாழாக்கியது. அவர் சோர்ந்து உட்காரவில்லை, மீண்டும் எழுதினார்.

1935ல் அவர் மறைந்தார். அவரது நூற்றாண்டான 1957ல், முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் விண்ணில் பறந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. அவர் போட்ட கணக்கு இருந்தது!

கணக்கு வரவில்லையே என்று நோட்டை மூடி வைக்கும்போது, இந்த வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள், செல்லங்களே!