தன்னினத்தின் மானங் காத்த துப்பறிவாளர்

துப்பறியும் கதையொன்றைச் சரித்திரப் பாடப் புத்தகத்தினுள் மறைத்து வைத்து வாசித்த நாட்கள் நம்மில் அநேகருக்கு உண்டு. அக்கதைகளிலே வருகின்ற துப்பறிவாளன் நெடிய உருவினன், கூரிய நாசியினன், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே சுருட்டுச் சாம்பலைக் கொண்டு கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவான். கதை முடியும்போது யாவரும் அவனைப் புகழ்வர். நாம் ஈண்டுக் கூறப் புகுந்தது அத்தகைய கற்பனை மனிதனின் கதையன்று. ஐந்தடி மூன்றங்குல உயரமும் அம்மைத் தழும்பு விழுந்த முகமும் உடையவர். ஏழைத் தையற்காரர் ஒருவரின் மகன். இருபத்தைந்து ஆண்டுகள் பொலிஸ் சேவையில் உழைத்து, ஈற்றில் அச்சேவைக்கே உயிரையும் ஈந்தவர். அவர்தாம் ஜோசப் பெற்றோசினோ.

தென் இத்தாலியிலே, சலேர்னோ மாகாணத்தில், பாடுலா என்னும் மலையூர் ஒன்றுண்டு. அங்கே 1860ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 30ஆந் திகதி பெற்றோசினோ பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜுசெப்பே. அவர் சிறுவனாயிருக்கையிலேயே குடும்பம் பிழைப்பை நாடி அமெரிக்காவுக்குக் கப்பலேறி, நியூயோர்க் நகரிற் குடியேறியது. வறுமை அங்கும் அவர்களை விட்டு நீங்கவில்லை. சிறுவன் பெற்றோசினோ மல்பெரி வீதியிலிருந்த பொலிஸ் தலைமையகத்தின் வாசலில் அமர்ந்து, போவோர் வருவோரின் சப்பாத்துக்களைத் துடைத்துக் காசு சம்பாதித்தார். வளர்ந்த பின்னர் நகரின் தெருக்கூட்டும் பகுதியில் வேலைக்கமர்ந்தார். எத்தொழிலையும் இழிவென்று கருதாது செவ்வனே செய்த அந்த இளைஞர்மீது வில்லியம்ஸ் என்ற பொலிஸ் அதிகாரியின் பார்வை விழுந்தது. பொலிஸ் சேவைக்கு விதிக்கப்பட்டிருந்த உயரம் அவருக்கு இல்லாதபோதிலும், அவ்விதியைத் தளர்த்தி, 1883ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். எவ்வாசலில் இருந்து சப்பாத்துத் துடைத்தாரோ அவ்வாசலினூடாகவே சீருடையணிந்து உட்செல்லும் நாளும் வந்தது.

இவர் வாழ்வின் அருமையை உணர வேண்டுமாயின், அக்கால நியூயோர்க்கின் நிலையை நாம் சிறிது அறிந்துகொள்ளுதல் அவசியம். இத்தாலியிலிருந்து மக்கள் ஆயிரமாயிரமாக வந்து இறங்கிய காலம் அது. 1901 முதல் 1910 வரையுள்ள பத்தாண்டுகளில் மாத்திரம் ஏறக்குறைய இருபது இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்கு வந்தனர். அவர்கள் சுரங்கம் தோண்டினர், கல்லுடைத்தனர், நெருக்கமான வீடுகளிற் பலர் ஒன்றாய் வாழ்ந்தனர். பெரும்பாலானோர் நேர்மையான உழைப்பாளிகள். ஆயினும் அக்கூட்டத்தோடு தாய்நாட்டுச் சட்டத்துக்குத் தப்பியோடிய தீயோரும் கலந்து வந்துவிட்டனர். இத்தீயோர் அயலாரைத் தொடவில்லை. தம் சொந்த மக்களையே வேட்டையாடினர். சிறிது காசு சேர்த்த கடைக்காரருக்கோ வைத்தியருக்கோ ஒரு கடிதம் வரும். குறித்த தொகையைக் கப்பமாகத் தராவிடின் பிள்ளையைக் கடத்துவோம், கடையை வெடிவைத்துத் தகர்ப்போம் என்று அதில் எழுதியிருக்கும். கீழே ஒப்பத்துக்குப் பதிலாகக் கட்டாரியும் மண்டையோடும் கரிய கையொன்றும் வரையப்பட்டிருக்கும். கருங்கைக் கூட்டம் என்று மக்கள் நடுங்கிய கொடுமை இதுவே.

பொலிஸாரிடம் முறையிடலாமே என்று நாம் எண்ணலாம். ஆனால் அன்றைய நியூயோர்க் பொலிஸாரில் மிகப் பலர் ஐரிஷ் வழி வந்தவர். இத்தாலிய மொழி அவர்களுக்குத் தெரியாது. இத்தாலியர் ஒருவரையொருவர் கொன்றால் தமக்கென்ன என்ற அலட்சியமும் அவர்களிடையே இருந்தது. மக்களோ, தம் ஊரில் அரசாங்கத்தையே பகையெனக் கண்டு பழகியவர்கள். பொலிஸாரோடு பேசுதல் துரோகம் என்று கருதினர். அஞ்சியவன் பேசான், பேசுபவன் மொழி அதிகாரிக்கு விளங்காது. தீயோருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்நிலையிலேதான் பெற்றோசினோ இருபக்கத்து இகழ்ச்சியையும் சுமந்தார். சக பொலிஸார் அவரை அந்நியரென ஒதுக்கினர். சொந்த மக்களிற் பலர் அவரை இனத்தைக் காட்டிக்கொடுப்பவரெனத் தூற்றினர். கொலை மிரட்டற் கடிதங்களும் வந்தன. ஆயினும் அவர் மனந் தளர்ந்தாரல்லர். இத்தாலியின் வெவ்வேறு மாகாணங்களின் பேச்சு வழக்குகளை அவர் அறிந்திருந்தார். கூலியாளாகவும் பிச்சைக்காரராகவும் வேடந் தாங்கி மக்களிடையே உலாவினார். ஒருமுறை கண்ட முகத்தை அவர் மறப்பதில்லை. கதைகளில் வரும் மாயவித்தை எதுவும் அவரிடம் இருக்கவில்லை. மொழியறிவு, ஞாபகசக்தி, பொறுமை, கால்நடை ஆகிய இவையே அவருடைய ஆயுதங்கள்.

குற்றவாளியைப் பிடிப்பது மட்டுமே துப்பறிவாளரின் கடமை என்று அவர் கருதவில்லை. கார்போனே என்ற இத்தாலியர் ஒருவர் கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டு மரணதண்டனை விதிக்கப்பட்டார். அவர் நிரபராதி என்று பெற்றோசினோவுக்குத் தோன்றியது. வழக்கு முடிந்தது, இனி நமக்கென்ன என்று அவர் இருந்துவிடவில்லை. உண்மைக் கொலைகாரனைத் தேடி அலைந்து, பால்ட்டிமோர் நகரிலே அவனைப் பிடித்துக் கொணர்ந்தார். மரணத்தின் வாசலில் நின்ற ஒருவர் உயிர் தப்பினார். கொலைக் களத்துக்குப் போகவிருந்த ஒருவரைத் திருப்பி அழைத்துவந்த இச்செயல் எம் உள்ளத்தை மிகவும் தொடுகின்றது.

1895ஆம் ஆண்டில் நகரின் பொலிஸ் ஆணையாளருள் ஒருவராயிருந்தவர் தியடோர் ரூஸ்வெல்ற். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவரும் அவரே. திறமையைக் கண்டு மதிக்கும் அவர், பெற்றோசினோவைத் துப்பறியும் சாஜனாக உயர்த்தினார்.

1903ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் நியூயோர்க் வீதியொன்றில் ஒரு பீப்பா கிடந்தது. திறந்து பார்த்தபோது உள்ளே ஒரு மனிதனின் பிரேதம். பெயரில்லை, ஊரில்லை, அடையாளங் கூற ஒருவருமில்லை. பெற்றோசினோ பிரேதத்தின் படத்தை எடுத்துக்கொண்டு சிங் சிங் மறியற்சாலைக்குச் சென்றார். அங்கே கள்ளநோட்டுக் கூட்டத்தைச் சேர்ந்த கைதியொருவனுக்கு அதனைக் காட்டினார். அவன் பார்த்து அதிர்ந்தான். இறந்து கிடந்தவன் பஃபலோ நகரவாசியாகிய மடோனியா, அக்கைதியின் மைத்துனன். இவ்வாறு துலங்கிய வழியில் மொரெல்லோ கூட்டத்தார் கைதாகினர். ஆயினும் சாட்சி சொல்ல வேண்டியோர் அச்சத்தால் வாய் மூடினர், வழக்கு நிலைக்கவில்லை, கைதானோர் வெளியே வந்தனர். கள்ளநோட்டு அச்சிட்ட குற்றத்துக்காக மொரெல்லோ நெடுங்காலச் சிறைத் தண்டனை பெற்றது 1910ஆம் ஆண்டில். அதைக் காணப் பெற்றோசினோ உயிரோடிருக்கவில்லை.

இத்தாலிய மொழியறிந்தவர்களைக் கொண்ட தனிப்பிரிவு ஒன்று வேண்டும் என்று அவர் மேலதிகாரிகளை ஓயாது வற்புறுத்தி வந்தார். 1904ஆம் ஆண்டில் அதற்கு அனுமதி கிடைத்தது. அவருக்குக் கீழ் ஆரம்பத்திற் கொடுக்கப்பட்டவர் ஐவர் மாத்திரமே. நகரிலிருந்த இத்தாலியரோ இலட்சக் கணக்கினர். அச்சிறு படையைக் கொண்டே கருங்கைக் கூட்டத்தாரை அவர் வேட்டையாடினார். நேப்பிள்ஸ் நகரை ஆட்டிப்படைத்த கமோறா என்னும் கூட்டத்தின் தலைவன் அல்ஃபானோ நியூயோர்க்கில் வந்து ஒளித்திருந்தபோது, 1907ஆம் ஆண்டில் அவனைக் கைப்பற்றி இத்தாலிக்குத் திருப்பி அனுப்பியவரும் இவரே. காலப்போக்கில் லெப்டினன்ட் பதவியும் அவரை வந்தடைந்தது.

எனினும் பொலிஸாரால் மட்டும் இப்பிணி தீரும் என்று அவர் நம்பவில்லை. தம் மக்களுக்குத் துப்பறிவாளரைக் காட்டிலும் அறிவூட்டுவோரே அதிகம் வேண்டும் என்பது அவர் கருத்து. நாட்டின் சட்டத்தையும் தமது உரிமையையும் அறிந்தால் அவர்கள் அஞ்சமாட்டார்கள் என்று அவர் எண்ணினார். அறியாமையே கயவரின் மூலதனம் என்பதை அவர் அனுபவத்தாற் கண்டவர்.

கடமையே வாழ்வாயிருந்த அவர் நாற்பத்தேழாவது வயதிலேதான் இல்லறத்திற் புகுந்தார். மனைவி அடெலினா. 1908ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒரு பெண்மகவு பிறந்தது. குழந்தையைக் கொஞ்சி மகிழ அவருக்குக் கிடைத்தவை சில வாரங்களே.

வேறு நாட்டிற் குற்றஞ் செய்தவர் அமெரிக்காவுக்கு வந்து மூன்றாண்டுகளுக்குள் அகப்பட்டால், அவரைத் திருப்பி அனுப்ப 1907ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. ஆனால் அதற்கு இத்தாலிய நீதிமன்றப் பதிவுகள் கையில் இருக்க வேண்டும். அவற்றைத் திரட்டுவதற்காக 1909ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பெற்றோசினோ இரகசியமாகக் கப்பலேறினார். அந்தோ! இரகசியம் இரகசியமாக இருக்கவில்லை. ஆணையாளர் பிங்ஹாம் அவர்களின் வாயிலிருந்தே செய்தி வெளிப்பட்டு, நியூயோர்க் பத்திரிகையில் அச்சேறியது. கடலில் இருந்த பெற்றோசினோ அதை அறியார், அறியக்கூடாதவர் அறிந்துகொண்டனர்.

வழியிற் பாடுலாவுக்குச் சென்று தமது சகோதரரைக் கண்டார். பின்னர் சிசிலித் தீவின் பலெர்மோ நகரை அடைந்து, நாள்தோறும் பதிவேடுகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவ்வூர்ப் பொலிஸார் காவலுக்கு ஆள் தர முன்வந்தபோதும் அவர் ஏற்கவில்லை. மார்ச் மாதம் 12ஆந் திகதி இரவு உணவருந்திவிட்டு மரீனா சதுக்கத்தின் வழியே நடந்தார். இருளிலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. அவருடைய கைத்துப்பாக்கியோ ஹோட்டல் அறையிற் கிடந்தது. நாற்பத்தெட்டு வயதில், பிறந்த நாட்டின் மண்ணிலேயே அவர் சாய்ந்தார்.

மாஃபியாத் தலைவனாகிய காஷியோ ஃபெரோமீது சந்தேகம் விழுந்தது, பலர் கைதாகினர், ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. எத்தனையோ கொலையாளிகளைத் தேடிப் பிடித்தவரின் கொலையாளிகள் சட்டத்தின் கைக்கு அகப்படாமலே போயினர். அவர் விட்ட பணியை வேறொரு துப்பறிவாளர் இத்தாலி சென்று தொடர்ந்தார். ஆயினும் அவர் கொணர்ந்த பதிவுகளிற் பெரும்பாலானவை பயன்படுத்தப்படாமற் கிடந்தன என்பது நாம் வருத்தத்தோடு குறிக்கவேண்டிய செய்தி.

ஏப்ரில் மாதம் 12ஆந் திகதி நியூயோர்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தைக் காணச் சுமார் இரண்டரை இலட்சம் மக்கள் வீதிகளில் நின்றனர். ஒருகாலத்தில் அவரைத் துரோகியென்று தூற்றிய இத்தாலியரும் அக்கூட்டத்தில் நின்று கண்ணீர் உகுத்தனர். 1987ஆம் ஆண்டில், அவர் நடமாடிய வட்டாரத்திலே ஒரு சதுக்கத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இளைஞராகிய நாம் கொள்ளவேண்டியது யாது? தன்னினத்தாரின் குற்றத்தை மறைப்பதே இனப்பற்று என்று எண்ணுவோர் எக்காலத்தும் எவ்விடத்தும் உளர். நம்மவன் செய்தான், நாம் வாய் திறக்கலாகாது என்பர். ஆனால் அம்மறைவினால் முதலில் அழிவது அவ்வினத்து ஏழையே என்பதைப் பெற்றோசினோ கண்டார். இத்தாலியன் என்றாலே கத்திக்காரன் என்று பிறர் இகழ்ந்தபோது, அவர் மேடையேறி மறுத்துப் பேசவில்லை. கத்தி பிடித்தவனின் கையைப் பிடித்தார். நூற்றிலொருவன் செய்த பழியை மற்றைத் தொண்ணூற்றொன்பது பேரின் தலையிலிருந்து இறக்கிவைக்க அதைவிட வேறு வழியில்லை என்பது அவர் துணிபு.

அவர் காலத்தில் அவருக்குக் கிடைத்த கூலி ஏச்சும் மிரட்டலுமே. அதை அறிந்தும் அவர் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனார். வீரம் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் நமக்குத் தெரியவில்லை.