ஒலியின் வழி நடந்த இராமன்

சர். சி. வி. இராமன் என்றதும் நம் நினைவுக்கு வருவன ஒளிச் சிதறலும் நோபல் பரிசுமே. ஆண்டுதோறும் பிப்ரவரி 28ஆம் நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடி அவ்வொளியைப் போற்றுகிறோம். ஆனால் ஒளியில் முழுமையாக ஈடுபடும் முன்னர், பல ஆண்டுகள் ஒலியின் பின்னே நடந்தவர் அப்பெருமகனார் என்பதைப் பலர் அறியார். வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம் ஆகியன அவர்தம் ஆய்வுப் பொருள்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களின் நாதத்தைக் கேட்டு வளர்ந்த நெல்லைச் சீமை மாணவர்களாகிய நமக்கு, அந்த இராமன் இன்னும் நெருக்கமானவர். வீட்டிலேயே ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டிகள் செய்து வரும் எனக்கோ அவருடைய வாழ்வின் இப்பகுதி ஒரு பாடநூலாகவே அமைந்தது.

இளமையும் கல்வியும்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரி ஒன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர்; வயலின் வாசிப்பதில் ஆர்வம் கொண்டவர். ஆகவே வீட்டில் நூல்களும் இருந்தன, இசையும் இருந்தது. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அவருக்குக் கிடைத்த அத்தொடக்கம் நமக்குக் கிடைக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் கிடைத்ததை அவர் வீணாக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் முதலிடமும் தங்கப் பதக்கமும் பெற்று பி.ஏ. தேறினார். 1906இல், இன்னும் மாணவராக இருந்தபோதே, அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஹெல்ம்ஹோல்ட்ஸ், ராலே பிரபு ஆகியோர் ஒலியைப் பற்றி எழுதிய பெருநூல்கள் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன.

அலுவலகமும் ஆய்வகமும்

அந்நாளில் அறிவியலை நம்பிப் பிழைக்க வழியில்லை. ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதி வென்று, 1907இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பணியேற்றார். அவ்வாண்டே லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை பயின்றவர்.

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அதன் ஆய்வுக்கூடம் ஆளரவமின்றிக் கிடந்தது. அதைக் கண்ட நாள் முதல் இராமனின் வாழ்வு இரண்டாகப் பிரிந்தது. விடியற்காலையில் ஆய்வகம், பகலில் கணக்கு அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வகம், இரவு வெகு நேரம் கழித்தே வீடு. இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றப்பட்ட காலத்திலும் வீட்டிலேயே கருவிகளை அமைத்துக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார். ஓய்வு நேரம் என்று நாம் தள்ளிவிடும் பொழுதுகளில்தான் அவர் விஞ்ஞானியானார்.

அங்கே அவருக்குத் துணை நின்றவர் அசுதோஷ் தே என்னும் உதவியாளர். அவர் கல்லூரி சென்று படித்தவரல்லர். ஆயினும் கருவி அமைப்பதில் கைதேர்ந்த அவருடைய பெயர், இராமன் பெயரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரைகளில் அச்சேறியது. பட்டம் இல்லாத கைக்கும் அறிவியலில் இடமுண்டு என்பதை நடைமுறையில் காட்டிய செயல் இது.

வயலின் ஆய்வு

வயலினிலும் செல்லோவிலும் சில சுரங்களை வாசிக்கும்போது ஒலி நடுங்கி உறுமும். மேல்நாட்டார் இதனை ஓநாய்ச் சுரம் என்பர். தந்தியின் அதிர்வும் மரவுடலின் இயல்பதிர்வும் ஒன்றோடொன்று மோதி, ஆற்றலை மாறி மாறிப் பறித்துக் கொள்வதே இதற்குக் காரணம் என்பதை இராமன் அதிர்வுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். பின்னர் மின்மோட்டாரால் இயங்கும் ஒரு வயலின் பொறியை அமைத்தார். அதில் வில் நிலையாக நிற்க, வயலின் முன்னும் பின்னும் நகரும். மனிதக் கையின் தடுமாற்றத்தை நீக்கி, வில்லின் அழுத்தத்தையும் வேகத்தையும் அளந்தறிய இப்பொறி உதவியது.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்றறிந்தும் அரசுப் பணியை உதறி அதனை ஏற்றார்.

மிருதங்கத்தின் கரணை

வட்டமான ஒரு தோலை இழுத்துக் கட்டித் தட்டினால் பல அதிர்வுகள் ஒருங்கே எழும். அடிப்படை அதிர்வை 1 என்று கொண்டால் மற்றவை 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கின்றி அமையும். ஆகவேதான் சாதாரண முரசில் ஓசை உண்டு, சுரம் இல்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ தெளிவான சுரம் பிறக்கிறது. ஏன்?

1920இல் சிவகாளி குமார் என்பாருடன் சேர்ந்து, புகழ்பெற்ற நேச்சர் இதழில் இராமன் இதற்கு விடை எழுதினார். வலந்தலையின் நடுவே பூசப்படும் கரணை என்னும் கருமையான பூச்சே அதற்குக் காரணம். சோற்றுப் பசையோடு கல்பொடியைச் சேர்த்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றப்படும் அப்பாரம் அதிர்வுகளை இழுத்து ஒழுங்குபடுத்துகிறது. தோலின் மீது நுண்மணல் தூவி அதிர்வுக் கோலங்களைக் கண்டார் இராமன். ஒன்பது வகை அதிர்வுகள் 1, 2, 3, 4, 5 என்னும் ஐந்தே சுரங்களாகக் கூடிவிடுகின்றன என்பதைப் பின்னாளில் விரிவாக நிறுவினார்.

பண்டை இந்தியரின் ஒலியறிவு என்று இதனைப் பாராட்டியும் அவர் எழுதினார். அது நியாயமே. ஆனால் ஒன்றை நான் இங்குச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கரணையை அவர் காலத்திலும் ஒருவர் கையால் தேய்த்து, தட்டிக் கேட்டு, குறை கண்டு, மீண்டும் தேய்த்தார். தோலோடு உழைத்ததால் ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் அத்தொழிலாளரில் பலர். வாசித்தவர் பெயர் மேடையில் ஒலித்தது. ஆராய்ந்தவர் பெயர் இதழில் நின்றது. செய்தவர் பெயரோ எங்கும் ஏறவில்லை. இராமன் கண்டது புதிதன்று, ஏற்கனவே ஒரு கை கண்டிருந்ததன் காரணத்தையே என்பதை நாம் மறக்கலாகாது.

ஸ்பீக்கரில் நான் கண்டது

1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் இன்றைய கூம்பு ஸ்பீக்கரின் அமைப்பை விளக்கி எழுதினர். அதுவும் விளிம்பில் பிடிக்கப்பட்ட ஒரு வட்டமே. மிருதங்கத் தோல் பல கோலங்களில் அதிர வேண்டும். கூம்போ ஒரே துண்டாக முன்னும் பின்னும் நகர வேண்டும். சுருதி உயர உயர அதுவும் பகுதி பகுதியாக அதிரத் தொடங்கும். அதனாலேயே உயர்ந்த சுருதிகளைச் சிறிய ட்வீட்டருக்குப் பிரித்து அனுப்புகிறோம்.

பெட்டியின் கொள்ளளவைக் கணக்கிடக் கூம்பின் எடை தெரிய வேண்டும். கூம்பைக் கழற்றி நிறுக்க முடியாது. எனவே முதலில் அதன் இயல்பதிர்வை அளந்தேன்: நொடிக்கு 50. பின்னர் 10 கிராம் களிமண்ணை நடுக்குமிழைச் சுற்றிப் பதித்து அளந்தேன்: 40. இவ்விரு எண்களின் விகிதத்தை இருமடிப் பெருக்கினால் 1.56 வரும். அதில் ஒன்றைக் கழித்து, கிடைக்கும் எண்ணால் பத்தை வகுத்தால் அசையும் எடை சுமார் 18 கிராம். பாரம் ஏற்றினால் அதிர்வு இறங்கும் என்னும் கரணையின் கணக்கேதான் இது.

வீணையின் குடம் பாட வேண்டும். ஸ்பீக்கரின் பெட்டி ஊமையாக நிற்க வேண்டும். பெட்டியும் சேர்ந்து பாடினால் வயலினின் ஓநாய்ச் சுரம் போன்ற தொல்லை வந்து சேரும். என் தந்தையார் தச்சுத் தொழிலாளி. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர். பிளைவுட் பலகையை விரல் கணுவால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, குறுக்குச் சட்டத்தை நட்டநடுவில் வைக்காதே, சற்றுத் தள்ளி வை என்றார். பலகையைக் கிடத்தி ரவை தூவி, ஆம்ப்ளிஃபையர் வழியே சுருதி கொடுத்தேன். நடுப்பகுதியில் ரவை துள்ளியது. அவர் சொன்ன இடத்தில் சட்டம் வைத்தபின் ரவை ஏறத்தாழ அசையாமல் கிடந்தது. சட்டம் நடுவில் நின்றால் பலகை இரு சம பாகங்களாகி, இரண்டும் ஒரே சுருதியில் பாடும். தள்ளி வைத்தால் சுருதிகள் பிரிந்து போகும். காரணம் நூலில் இருந்தது. முடிவு அவர் விரலில் இருந்தது.

பிற்காலம்

1921இல் இங்கிலாந்து சென்ற இராமன், இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் முணுமுணுக்கும் மாடத்தை ஆராய்ந்தார். அப்பயணத்தில் கண்ட மத்தியதரைக் கடலின் நீலமே அவரை ஒளிச் சிதறலுக்கு ஈர்த்தது. 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவு வெளிப்பட்டது. 1930இல் நோபல் பரிசு வந்தது. 1933இல் பெங்களூர் சென்றார். அங்கேயும் மிருதங்கத்தை அவர் கைவிடவில்லை. 1948இல் தம் பெயரால் ஆய்வு நிலையம் கண்டு, 1970 நவம்பர் 21இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே! நம் தாமிரபரணிக் கரையில் தச்சரும் குயவரும் நெசவாளரும் நிறைந்த வீடுகளிலிருந்தே நம்மில் பலர் வந்திருக்கிறோம். பட்டம் பெறுவது அந்தக் கைகளிலிருந்து விலகிச் செல்வதற்கன்று. அக்கைகள் அறிந்ததை அளந்து, காரணம் கண்டு, செய்தவர் பெயரையும் சேர்த்து எழுதுவதற்கே. இராமன் தொடங்கி வைத்த அப்பணியில் எஞ்சியிருப்பதை நாம் செய்வோமாக!