சமாதானப் பெயர் கொண்ட போராளி: லியோன் பிஷப் இரனேயு

இன்று துருக்கியில் இஸ்மீர் என்று வழங்கும் துறைமுக நகரத்துக்கு அந்தக் காலத்தில் சிமிர்னா என்று பெயர். கி.பி. 130-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த இரனேயு, சிறு வயதைக் கழித்தது அங்கேதான். தாய்மொழி கிரேக்கம். ஆனால் அவர் உழைத்ததும், பிஷப் ஆனதும், பெயர் பெற்றதும் சொந்த ஊரில் அல்ல. கடல் தாண்டி, இன்றைய பிரான்சு நாட்டில் உள்ள லியோன் நகரத்தில்!

முதிய குரு

சிமிர்னாவின் பிஷப் அப்போது பொலிகார்ப். இயேசுநாதரின் சீடர்களை நேரில் கண்டு பாடம் கேட்டவர் என்று போற்றப்பட்ட முதியவர். அவர் பேசுவதைச் சிறுவன் இரனேயு பக்கத்தில் இருந்து கேட்டார். பெரியவர் எந்த இடத்தில் உட்காருவார், எப்படி நடந்து வருவார், முகம் எப்படி இருக்கும் என்பதெல்லாம் வயதான பிறகும் அவர் மனதை விட்டு அகலவில்லை. விசுவாசத்தை மறுதலிக்காத குற்றத்துக்காக அந்த பொலிகார்ப்பைப் பிற்பாடு கொன்றுவிட்டார்கள்.

பிழைக்க வந்த ஊர்

ரோன், சோன் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம் லியோன். ரோமாபுரி சாம்ராஜ்யத்தில் பெரிய வியாபாரத் தலம். கிழக்கே இருந்து தொழிலுக்காக வந்து தங்கியவர்கள் அங்கே நிறையப் பேர். கிறிஸ்தவ சபையிலும் அவர்கள் கணிசமாக இருந்தார்கள். இரனேயு அந்தச் சபையில் குருவானார்.

சுற்று வட்டாரத்து மக்கள் பேசியது கெல்டிக் மொழி. நாளெல்லாம் அதையே பேசிப் பேசித் தமது கிரேக்கம் மழுங்கிப் போயிற்று, நடையழகை எதிர்பார்க்க வேண்டாம் என்று, பிற்காலத்தில் தாம் எழுதிய நூலின் முகவுரையில் வாசகர்களிடம் அவர் கேட்டுக்கொண்டார்.

177-ஆம் ஆண்டு

மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியாக இருந்தபோது, 177-ஆம் ஆண்டில் லியோனில் கலவரம் மூண்டது. கிறிஸ்தவர்கள் நரமாமிசம் தின்கிறார்கள் என்று புரளி கிளம்பியது. குளியல் மண்டபத்துக்கும் சந்தைக்கும் அவர்கள் வரக்கூடாது என்றார்கள். பிறகு கல்லடி, கொள்ளை, சிறை.

90 வயதைத் தாண்டிய பிஷப் பொத்தினு, கூட்டத்தாரிடம் அடிபட்டு இரண்டு நாளில் சிறையிலேயே உயிர் விட்டார். பிளாந்தினா என்ற அடிமைப் பெண்ணைக் கம்பத்தில் கட்டிக் காட்டு மிருகங்களை ஏவினார்கள். அவை அவளைத் தொடவில்லை. கடைசியில் வலையில் சுற்றிக் காளைக்கு முன்னால் எறிந்து கொன்றார்கள். இறந்தவர்களின் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள்.

சிறையில் இருந்தவர்கள் அந்த நிலையிலும் ரோமாபுரிப் போப்பாண்டவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கிழக்குச் சபைகளில் மொந்தானு என்பவரின் இயக்கத்தால் எழுந்த சச்சரவு தீர்ந்து, சபைகளில் சமாதானம் நிலவ வேண்டும் என்பதே அவர்கள் கவலை. அதை எடுத்துச் சென்றவர் இரனேயு. திரும்பி வந்தபோது பொத்தினுவின் இடம் அவருக்குக் காத்திருந்தது. கொலைக்களமாகிப் போன ஊருக்கு அவர் பிஷப் ஆனார்.

ரகசிய ஞானம்

வெளியே இருந்து வந்த ஆபத்து தணிந்தது. உள்ளே வேறொன்று வளர்ந்திருந்தது. ஞானவாதிகள் என்ற கூட்டத்தார் பரவி வந்தார்கள். இந்த உலகத்தைப் படைத்தது உயர்ந்த கடவுள் அல்ல, கீழான ஒரு சக்தி என்றார்கள். உடம்பும் மண்ணும் இழிவானவை. ரகசிய ஞானம் பெற்ற சிலருக்கே முழு மீட்பு. மற்றவர்கள் பிறவியிலேயே தாழ்ந்த தரம். இதுதான் அவர்கள் போதனை. திருச்சபை வழக்கில் இப்படிப்பட்ட போதனைக்குப் பதிதம் என்று பெயர்.

இது ஏட்டுச் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. மார்க்கு என்பவனின் சீடர்கள் ரோன் ஆற்றுப் பக்கத்திலேயே மாயவித்தை காட்டிப் பெண்களை ஏமாற்றினார்கள். மோசம் போனவர்களில் சிலர் சபை முன் வந்து அழுதார்கள். சிலர் வெட்கத்தால் வெளியே வராமலே இருந்துவிட்டார்கள்.

இரனேயு எடுத்த எடுப்பில் திட்டவில்லை. அவர்கள் நூல்களைத் தேடிப் படித்தார். அவர்களுடைய சீடர்களிடம் பேசிப் பார்த்தார். பிறகு, 180-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பதிதங்களுக்கு எதிராக ஐந்து புத்தகங்கள் எழுதினார். கடவுள் ஒருவரே, படைத்தவரும் மீட்பவரும் அவரே, அவர் படைத்த உடம்பு இழிவானது அல்ல என்று வாதாடினார். ரகசியம் எதுவும் கிடையாது. அப்போஸ்தலர்கள் சபைகளில் யாவரும் கேட்கவே போதித்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த பிஷப்புகளின் வரிசை இதோ என்று ரோமாபுரியின் பட்டியலைப் பெயர் பெயராகக் கொடுத்தார். மொழிகள் பல, நாடுகள் பல, ஆனாலும் விசுவாசம் ஒன்று என்றார்.

நகைச்சுவையும் அவருக்கு உண்டு. எதிரிகள் தெய்வீக சக்திகளுக்கு இஷ்டம்போல் பெயர் சூட்டுவதைப் பார்த்து, சுரைக்காய், வெள்ளரிக்காய், முலாம்பழம் என்றுகூடச் சூட்டலாமே என்று கேலி செய்தார். அவர்கள் வேதத்தை வளைப்பதற்கு ஓர் உவமை சொன்னார். ராஜாவின் உருவத்தில் பதித்த ரத்தினக் கற்களைப் பெயர்த்து, நரியைப் போல அடுக்கி, இதுதான் ராஜா என்று காட்டுவதற்கு ஒப்பானதாம் அது!

சிமிர்னாவில் பொலிகார்ப்பிடம் கூடவே பாடம் கேட்ட புளோரினு என்பவரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். அவருக்கு இரனேயு கடிதம் எழுதி, பழைய நாட்களை நினைவூட்டினார். இந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார் என்று கடிந்துகொண்டார்.

ஈஸ்டர் தகராறு

190-ஐ ஒட்டி வேறொரு சண்டை வந்தது. சிமிர்னா, எபேசு முதலிய கிழக்குச் சபைகள் யூதர்களின் பாஸ்கா நாளிலேயே திருவிழாவை அனுசரித்தன. மற்ற இடங்களில் ஞாயிற்றுக்கிழமைதான் ஈஸ்டர். கிழக்குச் சபைகளை விலக்கிவிடப் போப்பாண்டவர் விக்டர் முனைந்தார்.

இரனேயு அனுசரித்தது ஞாயிறு. ஆனாலும் அவர் விக்டருக்கு எழுதிய கடிதம் தடுப்பதற்காகவே. பொலிகார்ப் ஒரு சமயம் ரோமாபுரிக்கு வந்தபோது, அன்றைய போப்பாண்டவர் அனிசேத்துவும் அவரும் இதே விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் ஒன்றாக வழிபட்டுச் சமாதானமாகப் பிரிந்தார்கள் என்பதை எடுத்துக் காட்டினார். கடவுளைப் பற்றிய உண்மையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதவர், திருவிழாத் தேதிக்காகச் சகோதரர்களை வெளியே தள்ளக் கூடாது என்றார். இரனேயு என்ற கிரேக்கப் பெயருக்கே சமாதானம் உள்ளவர் என்றுதான் பொருள்.

பிற்காலம்

202-ஐ ஒட்டி அவர் காலமானார் என்பது வழக்கு. 1562-இல் மதப்போரின்போது லியோனில் அவருடைய கல்லறையைச் சூறையாடினார்கள். ஐந்து புத்தகங்களும் லத்தீன் மொழிபெயர்ப்பில்தான் முழுமையாகக் கிடைக்கின்றன.

எதிரிகளின் நூல்கள் அழிந்து போயிருந்ததால், அவர்கள் சொன்னதை இரனேயு எழுதியதைக் கொண்டே உலகம் வெகுகாலம் அறிந்திருந்தது. 1945-இல் எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே ஜாடிக்குள் ஞானவாதிகளின் பழஞ்சுவடிகள் அகப்பட்டன. அவற்றில் ஒரு நூல், இரனேயு சுருக்கிச் சொல்லியிருந்த போதனை ஒன்றோடு பெரிதும் ஒத்திருந்தது.

2022-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் தேதி போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார். பதிதங்களை எதிர்த்து ஐந்து புத்தகம் எழுதியவருக்கு அப்போது கொடுத்த பட்டம், ஒற்றுமையின் மறைவல்லுநர் என்பது. கத்தோலிக்கர் அவர் திருநாளை ஜூன் 28-ஆம் தேதி கொண்டாடுகிறார்கள்.