வேகத்துக்கு விவேகம் சேர்த்த கோவை வீரர்

திருவாலங்காட்டில் முன்னொரு காலத்தில் ஒரு போட்டி நடந்ததாகப் புராணம் கூறும். ஆடியவர்கள் சிவபெருமானும் காளியும். ஒரு காலைத் தலைக்குமேல் தூக்கி ஐயன் ஆடிய ஊர்த்துவ தாண்டவத்தின் முன் காளி தோல்வியை ஒப்புக்கொண்டாள். ஐந்து சபைகளில் ஒன்றான இரத்தின சபை விளங்குவது அந்தத் தலத்திலேதான்.

அந்தத் திருவாலங்காடு அமைந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலேயே, சோழவரத்தில், இருபதாம் நூற்றாண்டில் வேறு விதமான போட்டிகள் நடந்தன. அங்கே ஆடியவை மோட்டார் கார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றவர் நாணி நின்றால் போதாது. சில வேளைகளில் உயிரையே விலையாகக் கொடுக்க நேரும். இந்த ஆபத்தான விளையாட்டை ஏழை எளிய வாலிபனும் ஓரளவு பத்திரமாக ஆடலாம் என்று காட்டியவர் ஒரு கோவைக்காரர். அவர்தான் எஸ். கரிவரதன்.

சோழவரத்து ஓடுதளம்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது போர் விமானங்களுக்காகச் சோழவரத்தில் ஓர் ஓடுதளம் போட்டார்கள். யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ஓடுதளம் மட்டும் வெயிலில் காய்ந்து கிடந்தது. 1953-ல் சென்னையில் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோன்றிற்று. நாளடைவில் சோழவரம் என்றால் ஏரி நினைவுக்கு வருவதுபோல மோட்டார் பந்தயமும் நினைவுக்கு வரலாயிற்று. பந்தய நாட்களில் சென்னையிலிருந்து ஜனங்கள் சாரி சாரியாகப் புறப்பட்டுப் போனார்கள்.

ஆனால் விமானத்துக்குப் போட்ட தரை வேறு, பந்தயத்துக்குப் போடும் சாலை வேறு அல்லவா? விமானம் நேரே ஓடி மேலே எழும்பிவிடும். காரோ வளைய வேண்டும். வளைவில் வழுக்கினால் அது ஓடி நிற்பதற்கு ஒதுக்கிடம் வேண்டும். பார்க்க வந்தவர்களுக்கும் காருக்கும் நடுவே போதிய தூரமும் தடுப்பும் வேண்டும். ஓடுதளத்தில் இவையெல்லாம் இயல்பாக அமைவதில்லை. அபாயம் இருந்தாலும் சோழவரத்தின் மீது பந்தயக்காரர்களுக்கு இருந்த பாசம் குறையவில்லை. அது அவர்களுடைய தாய்வீடு.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் 1954-ல் கோவையில் பிறந்தார். 1910-ல் குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்லை அறியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. அந்தக் குடும்பத்தின் வாரிசு அவர். பஞ்சாலையும் பம்ப் செட்டும் பட்டறையும் நிறைந்த ஊர் கோவை. அங்கே பள்ளிக்கூடம் போகாத பையனுக்குக்கூட லேத் மெஷினின் ஓசை பழக்கம். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு யந்திரத்தின் மீது மோகம் பிறந்ததில் வியப்பென்ன?

வசதியுள்ளவர்கள் வாகனம் வாங்குவார்கள், ஓட்டுவார்கள், பழுதானால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். கரிவரதன் அந்த ரகத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஓட்டவும் தெரிந்தவர், வண்டியை வடிவமைக்கவும் தெரிந்தவர். 'சூப்பர் ஸ்பீட்ஸ்' என்ற பெயரில் ஒரு பந்தயக் குழுவை நடத்தினார். நண்பர்களுக்கு அவர் வெறும் 'கரி'. பெரிய வீட்டுப் பிள்ளையை இரண்டெழுத்தில் கூப்பிடும் உரிமையைப் பந்தயக் களம் எல்லோருக்கும் கொடுத்திருந்தது.

பணமா, திறமையா?

அந்நாளில் நம் நாட்டுப் பந்தயத்தில் ஒரு குறை இருந்தது. பணம் படைத்தவர்கள் அயல்நாட்டில் செய்த ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வரவழைத்து ஓட்டினார்கள். மற்றவர்கள் தெருவில் ஓடும் சாதாரணக் காரையே பிரித்து மேய்ந்து, எஞ்சினை முடுக்கி, எடையைக் குறைத்துக் களத்தில் இறக்கினார்கள். எவன் பட்டறையில் அதிக சாமர்த்தியமோ, எவன் பையில் அதிகப் பணமோ, அவனுக்கே அனுகூலம். ஓட்டுகிறவனின் உண்மையான திறமை எது என்று கண்டுகொள்வது கடினம். குடும்பத்தை ஏற்றிச் செல்லச் செய்த காரைப் பந்தய வேகத்தில் விரட்டும்போது அபாயம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குக் கரிவரதன் கண்ட வழி எளிமையானது. 1983-ன் கடைசியில் வெளிவந்த மாருதி 800 கார் அப்போது நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் எஞ்சின் சிறியது, மூன்று சிலிண்டர், 796 சி.சி. உதிரி பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். அந்த எஞ்சினை வைத்து 1988-ல் அவர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார். 'பார்முலா மாருதி' என்று அது பிரசித்தி அடைந்தது.

இந்தக் காரில் ஓட்டுகிறவர் தரையோடு தரையாக, நடுவில் அமர்ந்திருப்பார். எஞ்சின் அவர் முதுகுக்குப் பின்னால். எல்லோருக்கும் ஒரே விதமான கார், ஒரே விதமான எஞ்சின். ஆகவே, எஞ்சினை எல்லை மீறி முடுக்க வேண்டும் என்ற ஆசைக்கு இடமில்லை. வெற்றிக்கு வழி, வளைவில் எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே விடுவது என்ற நிதானத்தில் இருந்தது. கார் பந்தயத்துக்கென்றே பிறந்தது; செலவும் குறைந்தது.

பட்டறைச் சாமர்த்தியம் என்பதும் பழைய பந்தயத்தின் ஒரு கலைதானே, அதை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் அந்தக் கலையை அவர் விட்டுவிடவில்லை. கோவைப் பட்டறையின் கைத்திறன் முழுவதும் அந்தச் சின்னக் காரில் இறங்கியிருந்தது. ஒவ்வொருவரும் தனித்தனியே ஆபத்தைத் தேடிக்கொள்வதற்குப் பதிலாக, எல்லோருக்கும் பொதுவான ஒரு நல்ல வண்டியாக அது மாறிற்று.

மரபும் உயிரும்

இந்தச் சங்கடம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'டிராக்' பந்தயம் என்று ஒன்று உண்டு. வளைவே கிடையாது. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரம், அதாவது சுமார் 402 மீட்டர், கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்து முடிக்கும். தெருவில் நடந்த இந்த விபரீத விளையாட்டை ஒழுங்குபடுத்த 1951-ல் வாலி பார்க்ஸ் என்பவர் ஒரு சங்கம் கண்டார். அங்கேயும் கைகொடுத்தவை விமான ஓடுதளங்களே. கால் மைல் என்பது அந்தப் பந்தயக்காரர்களுக்கு வேதவாக்கு. ஆனால் 2008 ஜூன் மாதம் ஸ்காட் கலிட்டா என்ற வீரர் விபத்தில் மாண்டதும், மிக வேகமான வண்டிகளுக்குத் தூரத்தை ஆயிரம் அடியாகச் சங்கம் குறைத்தது. அரை நூற்றாண்டு மரபைவிட ஓர் உயிர் பெரிதாயிற்று.

தமிழகத்தில் அந்த மாறுதல் முன்னதாகவே வந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்துக்கென்றே அமைத்த களம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் பொற்காலம் முடிந்தது. புதிய களத்தில் கரிவரதனின் சின்னக் கார்கள் சீறிப் பாய்ந்தன.

விதைத்தவர் பார்க்காத விளைச்சல்

அந்தக் கார்களில் ஏறிய இளைஞர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன். பந்தய வாழ்வைப் பார்முலா மாருதியில் தொடங்கிய அவர், 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் கலந்துகொண்ட முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் களத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. டயர்கள் தாங்கமாட்டா என்று அஞ்சிப் பதினான்கு கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே விலகின. எஞ்சிய ஆறு கார்களில் நாராயண் நான்காவதாக வந்தார். பார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் புள்ளிகள் அவைதாம். பத்திரமா, பந்தயமா என்று உலகமே வாதாடிய நாளில் அவை கிடைத்தன. சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் பார்முலா மாருதி ஓட்டிப் பழகியவரே. 2010-ல் அவரும் பார்முலா ஒன்னை எட்டினார்.

இவற்றையெல்லாம் காணக் கரிவரதன் உயிரோடு இல்லை. தரையில் ஓடிய வேகம் அவருக்குப் போதவில்லை, வானிலும் பறந்தார். 1995 ஆகஸ்டு 24-ந் தேதி விமான விபத்து ஒன்றில் அவர் காலமானார். நாற்பதைச் சற்றே கடந்த வயது. கோவை கலங்கிற்று. களத்தில் எத்தனையோ வாலிபர்களுக்கு நல்ல வண்டி கொடுத்தவரை வானம் கொண்டுபோய்விட்டது.

2003-ல் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் சுமார் 2.1 கிலோ மீட்டர் நீளமுள்ள பந்தயக் களம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்குக் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயரையே வைத்தார்கள். நண்பர்கள் அழைத்த அதே இரண்டெழுத்து அங்கே நின்றுவிட்டது. தலைக்கவசம் மாட்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு அங்கே முதன்முறையாக வண்டியில் அமரும் பையனுக்கு அந்தப் பெயருக்குரியவரின் முகம் தெரியாமல் இருக்கலாம். ஆனால் வேகமாகப் போகவும் வேண்டும், வீட்டுக்குத் திரும்பவும் வேண்டும் என்ற பாடத்தை அவன் அவரிடமிருந்தே கற்கிறான்.